பழைய எண்ணெய் சொல்லும் செய்தி

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்திடுக.

செம்பனைத் தோட்டத்தில் பழக்குலைகளை ஏற்றிவரும் டிரெய்லர் ஓரிடத்தில் நிற்கிறது. அதன் பெட்டி மெல்ல உயர்ந்து சாய்ந்து, குலைகளைக் கொட்டுகிறது. நெல் வயலில் ஓட்டுநர் ஒரு சிறு நெம்புகோலை அசைத்ததும், டிராக்டரின் பின்னால் பூட்டிய கலப்பை மண்ணைவிட்டு மேலெழுகிறது. பல நூறு கிலோகிராம் எடையை இவ்வளவு எளிதாகத் தூக்குவது எது? இயந்திரத்துக்குள் அடைபட்டிருக்கும் எண்ணெய்தான் அது. அதனை ‘ஹைட்ராலிக் எண்ணெய்’ என்பர்.

நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு தயாரிக்கப்பட்ட டிராக்டர்கள் இன்றும் பல நாடுகளில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றின் ஆயுளை நீட்டிக்கும் பணிகளுள் ஹைட்ராலிக் எண்ணெயை மாற்றுவதும் ஒன்று. பழையதை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றுவதோடு இப்பணி முடிந்துவிடுவதில்லை. வடிந்துவரும் பழைய எண்ணெயைக் கவனித்துப் பார்ப்பவருக்கு, டிராக்டரின் உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரியவரும்.

எண்ணெய் எடையைத் தூக்கும் விதம்

பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் ஒரு விதியை விளக்கினார். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கப்படும் அழுத்தம், குறையாமல் எல்லாத் திசைகளுக்கும் பரவும் என்பதே அவ்விதி. இதனை ஓர் எடுத்துக்காட்டால் புரிந்துகொள்ளலாம். எண்ணெய் நிரம்பிய ஒரு குழாயின் ஒரு முனையில் 2 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள சிறிய உந்துதண்டு இருக்கிறது. மறுமுனையில் 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பெரிய உந்துதண்டு இருக்கிறது. சிறியதன்மீது 10 கிலோகிராம் எடையை வைத்தால், பெரியது 500 கிலோகிராம் எடையைத் தாங்கும். பரப்பு ஐம்பது மடங்கு கூடுவதால் விசையும் ஐம்பது மடங்கு கூடுகிறது. ஆனால், பெரிய உந்துதண்டு 1 சென்டிமீட்டர் உயர வேண்டுமானால், சிறியது 50 சென்டிமீட்டர் கீழிறங்க வேண்டும். டிராக்டரில் இந்தச் சிறிய உந்துதண்டின் வேலையைப் பம்பு இடைவிடாமல் செய்கிறது.

இவ்விதி செயல்பட ஒரு நிபந்தனை உண்டு. அழுத்தினாலும் திரவம் சுருங்கக்கூடாது. எண்ணெய் எளிதில் சுருங்காது, காற்று சுருங்கிவிடும். எனவே எண்ணெயில் காற்றுக் குமிழிகள் கலந்தால், பம்பின் உழைப்பு குமிழிகளைச் சுருக்குவதிலேயே வீணாகும். கலப்பை திக்கித் திக்கி உயரும், பம்பு ஓலமிடும்.

மூன்று உறுப்புகளுக்கு ஒரே எண்ணெய்

டிராக்டரில் ஹைட்ராலிக் அமைப்பைப் பரவலாக்கியவர்களுள் முதன்மையானவர், அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன். அவர் காலத்தில் கலப்பை டிராக்டரின் பின்னால் வெறுமனே இழுத்துச் செல்லப்பட்டது. அது பாறையிலோ வேரிலோ சிக்கினால், டிராக்டரின் முன்பகுதி மேலெழுந்து பின்புறமாகக் கவிழும். ஓட்டுநர்கள் பலர் இவ்வாறு உயிரிழந்தனர். ஃபெர்குசன் கலப்பையை மூன்று இடங்களில் டிராக்டரோடு இணைத்தார். மண்ணின் எதிர்ப்பு கூடும்போது ஹைட்ராலிக் அமைப்பு கலப்பையைத் தானாகச் சற்று உயர்த்துமாறு செய்தார். 1939ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் தயாரித்த டிராக்டரில் இந்த அமைப்பு இடம்பெற்றது. பின்னர் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ‘டி.இ. 20’ என்னும் ஃபெர்குசன் டிராக்டர்கள் 5 இலட்சத்துக்கும் மேல் தயாராயின. இன்றைய டிராக்டர்களிலும் அந்த மும்முனை இணைப்பைக் காணலாம்.

அந்த வழியில் வந்ததுதான் 1964ஆம் ஆண்டில் அறிமுகமான ‘மேசி ஃபெர்குசன் 135’. பழைய டிராக்டர்களைப் புரிந்துகொள்ள இது நல்ல எடுத்துக்காட்டு. இதில் கியர்ப் பெட்டி, பின் அச்சு, ஹைட்ராலிக் பம்பு ஆகிய மூன்றும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்கின்றன. பம்பு வெளியே தெரியாது, எண்ணெய்க்குள்ளேயே மூழ்கியிருக்கும். சுமார் 30 லிட்டர் எண்ணெய் இதற்குத் தேவை. அந்த எண்ணெய் எடையைத் தூக்குகிறது, பற்சக்கரங்கள் தேயாமல் காக்கிறது, வெப்பத்தைக் கடத்துகிறது, இரும்பைத் துருவிலிருந்து பாதுகாக்கிறது.

இந்த ஏற்பாட்டில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. ஒரே எண்ணெயைக் கவனித்தால் மூன்று உறுப்புகளும் பயனடையும். ஆனால், கியர்ப் பெட்டியில் தேயும் இரும்புத் துகள் பம்பு இருக்கும் இடத்துக்கும் வந்துசேரும். எண்ணெய் கெட்டால் மூன்றும் ஒருசேரப் பாதிக்கப்படும்.

எண்ணெய் கெடுவது ஏன்?

எண்ணெயின் முதற்பகை நீர். நீரை யாரும் டிராக்டருக்குள் ஊற்றுவதில்லை. இருந்தாலும் அது பல வழிகளில் நுழைந்துவிடுகிறது.

பகலில் டிராக்டர் உழைக்கும்போது எண்ணெயும் அதற்கு மேலுள்ள காற்றும் சூடாகி விரிவடைகின்றன. விரிந்த காற்று, அதற்கென உள்ள சிறு துளை வழியாக வெளியேறுகிறது. இரவில் டிராக்டர் குளிரும்போது ஈரமான வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அதிலுள்ள நீராவி, குளிர்ந்த இரும்புச் சுவரில் நீர்த்துளிகளாக மாறி எண்ணெயில் விழுகிறது. ஆண்டு முழுவதும் ஈரப்பதம் மிகுந்த மலேசியா போன்ற நாட்டில் இது நாள்தோறும் நடக்கக்கூடியது.

கியர் தண்டின் அடியில் உள்ள இரப்பர் உறை வெயிலில் வெடித்துவிட்டால், மழைநீர் நேராக உள்ளே இறங்கும். கூரையில்லாத இடத்தில் நிறுத்தப்படும் டிராக்டருக்கு இத்தொல்லை அதிகம். சேற்று வயலில் ஆழ இறங்கி உழும் டிராக்டரில், பின் அச்சின் சீல் தேய்ந்திருந்தால் அவ்வழியாகவும் நீர் புகும்.

கெடா மாநிலத்தின் முடா வட்டாரத்தில் 1970ஆம் ஆண்டு தொடங்கி நீர்ப்பாசனத் திட்டத்தின் உதவியால் ஆண்டுக்கு இருமுறை நெல் பயிரிடும் முறை பரவியது. ஓர் அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையே காலம் குறைவு. அக்குறுகிய காலத்தில் நிலத்தைப் பண்படுத்தவே எருமைகளின் இடத்தை இயந்திரங்கள் பிடித்தன. அத்தகைய பருவத்தில் டிராக்டர் ஒரு வாரம் பழுதாகி நின்றாலும், அந்த வயலின் நடவு பிந்தும். ஆகவே, எண்ணெயைக் காப்பது பயிரைக் காப்பதுமாகும்.

எண்ணெயைப் படிக்கும் முறை

மருத்துவர் நோய் எதுவென அறிந்து, அதன் காரணத்தைத் தேடி, அதன்பின் தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்பது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் காட்டும் முறை. டிராக்டருக்கும் இது பொருந்தும். எண்ணெயை மாற்றும் முன், அளவுகோலை உருவி அதில் ஒட்டியுள்ள எண்ணெயைப் பார்க்க வேண்டும்.

எண்ணெய் தெளிவாகவும் தேன்நிறமாகவும் இருந்தால் நலம். பால் கலந்த தேநீரைப்போல் வெளுத்திருந்தால், நீர் கலந்துள்ளது என்று பொருள். கறுத்துக் கருகிய வாடை வீசினால், அது அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. நுரை நிறைந்திருந்தால், எண்ணெயின் அளவு குறைந்து பம்பு காற்றை உறிஞ்சியிருக்கக்கூடும்.

ஐயம் இருந்தால் எளிய சோதனை ஒன்றைச் செய்யலாம். சிறிதளவு எண்ணெயை ஒரு கண்ணாடிப் புட்டியில் எடுத்து, ஓர் இரவு அசையாமல் வைக்க வேண்டும். நீர் எண்ணெயைவிடக் கனமானது. எனவே, பிரியக்கூடிய நீர் புட்டியின் அடியில் தனிப்படலமாகத் தங்கும். வெளுப்பு நுரையால் ஏற்பட்டிருந்தால், குமிழிகள் மறைந்து எண்ணெய் தெளிந்துவிடும். சில வேளைகளில் நீர் மிக நுண்ணிய திவலைகளாகக் கலந்து, பல நாளானாலும் பிரியாது. காலையிலும் எண்ணெய் வெளுத்தே இருந்தால், அதனை மாற்றியே ஆக வேண்டும்.

முதலில் பாதுகாப்பு

வேலையைத் தொடங்கும் முன் டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்த வேண்டும். கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்க வேண்டும். பூட்டிய கருவிகளைத் தரையில் இறக்கிவிட்டு இயந்திரத்தை நிறுத்த வேண்டும். எண்ணெயின் அழுத்தத்தால் மட்டுமே உயர்ந்து நிற்கும் கருவியின் அடியில் ஒருபோதும் புகக்கூடாது. அழுத்தம் குறைந்தால் கருவி சட்டென இறங்கிவிடும்.

எண்ணெய்க் கசிவைக் கையால் தடவித் தேடுவது பெருந்தவறு. ஊசிமுனை அளவு துளையிலிருந்து உயரழுத்தத்தில் பீய்ச்சும் எண்ணெய், தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே ஒரு சிறு புள்ளியே தெரியும்; வலியும் முதலில் குறைவாக இருக்கலாம். ஆனால், உள்ளே தசை அழுகி, விரலையோ கையையோ இழக்க நேரிடும். அவ்வாறு நேர்ந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கசிவைத் தேட ஓர் அட்டைத்துண்டைப் பிடித்துப் பார்ப்பதே சரியான வழி.

எண்ணெயை மாற்றும் படிகள்

முதற்படி, வடிக்கும் நேரத்தைத் தீர்மானிப்பது. எண்ணெயில் நீர் இல்லையெனில், டிராக்டரைச் சிறிது நேரம் ஓட்டி எண்ணெயை வெதுவெதுப்பாக்க வேண்டும். சூடான எண்ணெய் விரைந்து வடியும். மிதக்கும் அழுக்கையும் உடன் கொண்டுவரும். நீர் கலந்திருந்தால் இதற்கு மாறாகச் செய்ய வேண்டும். டிராக்டரை ஓர் இரவு அசைக்காமல் விட்டு, காலையில் அடித்திருகை மெல்லத் தளர்த்தினால், அடியில் தங்கிய நீர் முதலில் வெளியேறும். பதறாத காரியம் சிதறாது என்பது இங்கே உண்மையாகிறது.

இரண்டாம் படி, வடிப்பது. 30 லிட்டரைத் தாங்கும் கலன்களை முன்னரே வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சாதாரண வாளி பாதியிலேயே நிரம்பிவிடும். பழைய டிராக்டர்களின் அடியில் ஒன்றுக்கு மேற்பட்ட அடித்திருகுகள் இருக்கலாம். அனைத்தையும் கழற்றினால்தான் எண்ணெய் முழுமையாக வடியும்.

மூன்றாம் படி, படிவைப் பார்ப்பது. கலனின் அடியில் ஒரு காந்தத்தை நகர்த்தினால் இரும்புத் துகள் ஒட்டும். சாம்பல்நிறக் களிம்புபோன்ற நுண்துகள் இயல்பான தேய்மானம். நகத்தில் நிற்கும் அளவுக்குத் துண்டுகள் இருந்தால், ஒரு பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கலாம். காந்தத்தில் ஒட்டாமல் பொன்னிறத்தில் மினுங்குபவை வெண்கலம் அல்லது பித்தளைத் துகள்கள். இவற்றைக் கண்டால், புதிய எண்ணெயை ஊற்றும் முன் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். அவ்வாறு செய்யாவிட்டால், சிறிய பழுது பெரிதாகும்.

நான்காம் படி, வடிகட்டியைத் தூய்மை செய்வது. மேசி ஃபெர்குசன் 135இல் பம்பு எண்ணெயை உறிஞ்சும் இடத்தில் ஒரு கம்பிவலை வடிகட்டி உள்ளது. அது சேற்றாலும் துகளாலும் அடைபட்டால், புதிய எண்ணெய் ஊற்றினாலும் பம்பு திணறும். வலையைக் கழுவி உலர்த்தி மீண்டும் பொருத்த வேண்டும். நூல் பிரியும் பழந்துணியால் உட்புறத்தைத் துடைக்கக்கூடாது. அந்த நூலே வலையை அடைத்துவிடும். திறந்த மூடிகளுக்குப் புதிய கேஸ்கெட் வைப்பது நல்லது.

ஐந்தாம் படி, நீர் மிகுதியாக இருந்த டிராக்டரை அலசுவது. ஒருமுறை வடித்தால் மூலைமுடுக்குகளில் உள்ள நீர் போய்விடாது. அதே தரமுள்ள எண்ணெயை ஊற்றி, சிறிது நேரம் ஓட்டி, மீண்டும் வடிக்க வேண்டும். செலவைக் குறைக்க டீசலால் அலசுவோரும் உண்டு. உள்ளே தங்கும் டீசல் புதிய எண்ணெயை நீர்க்கச் செய்து, அதன் காக்கும் திறனைக் குறைத்துவிடும்.

ஆறாம் படி, நிரப்புவது. தூய புனலால் மெல்ல ஊற்றி, அளவுகோலின் குறிவரை நிரப்ப வேண்டும். பின்னர் இயந்திரத்தை இயக்கி, தூக்குகரங்களைப் பலமுறை ஏற்றி இறக்கினால் அடைபட்ட காற்று வெளியேறும். மீண்டும் கரங்களை இறக்கி, இயந்திரத்தை நிறுத்தி, அளவைச் சரிபார்க்க வேண்டும். குறைந்திருந்தால் நிரப்ப வேண்டும். அடித்திருகுகளில் கசிவு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

எல்லா எண்ணெயும் ஒன்றல்ல

கடையில் மலிவாகக் கிடைக்கும் ஏதேனும் ஓர் எண்ணெயை ஊற்றுவது ஆபத்து. பழைய டிராக்டர்களின் உள்ளே வெண்கலம், பித்தளை ஆகிய மஞ்சள்நிற உலோகங்களாலான பாகங்கள் உண்டு. மிகுந்த பாரத்தைத் தாங்கும் பற்சக்கரங்களுக்கென உருவான சில எண்ணெய்களில் உள்ள கந்தகக் கலவை, அந்த உலோகங்களை அரித்துவிடும். சில டிராக்டர்களில் பிரேக்குகளும் எண்ணெய்க்குள் மூழ்கியிருக்கும். அவற்றுக்குத் தவறான எண்ணெயை ஊற்றினால் பிரேக் சரியாகப் பிடிக்காது. டிராக்டரின் கையேட்டில் குறிப்பிட்ட தரத்தைப் படித்து, அதற்கு நிகரானதையே வாங்க வேண்டும்.

வேலை முடிந்ததும் நாள், ஓடிய மணிநேரம், ஊற்றிய எண்ணெயின் பெயர், அளவு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். சில வாரங்களுக்குப்பின் அளவுகோலை மீண்டும் பார்க்க வேண்டும். எண்ணெய் மறுபடியும் வெளுத்திருந்தால், நீர் நுழையும் வழி இன்னும் அடைக்கப்படவில்லை. வெடித்த இரப்பர் உறையை மாற்றாமல் 30 லிட்டர் எண்ணெயை மட்டும் மாற்றுவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும்.

பணி முடியும் இடம்

வடித்த எண்ணெய் இன்னும் கலனில்தான் இருக்கிறது. அதனைக் கால்வாயிலோ மண்ணிலோ கொட்டினால், டிராக்டரைக் காத்த கை வயலைக் கெடுத்ததாகிவிடும். எண்ணெய் நீரின்மேல் மெல்லிய படலமாகப் பரவி, காற்றிலுள்ள உயிர்வளி நீரில் கலப்பதைத் தடுக்கும். மீன்களும் மற்ற நீர்வாழ் உயிர்களும் பாதிக்கப்படும். மண்ணில் கொட்டினால் அது நிலத்தடிக்கும் இறங்கும்.

மலேசியாவில் 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர விதிமுறைகள், பயன்படுத்திய எண்ணெயை அட்டவணைக் கழிவாக வகைப்படுத்தியுள்ளன. பயன்படுத்திய உயவு எண்ணெய்க்கு எஸ்.டபிள்யூ. 305 என்றும், பயன்படுத்திய ஹைட்ராலிக் எண்ணெய்க்கு எஸ்.டபிள்யூ. 306 என்றும் குறியீடுகள் உள்ளன. இத்தகைய கழிவை உரிமம் பெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். அதுவரை, மூடியுள்ள கலனில் பெயர் எழுதி, மழைபடாத இடத்தில் வைக்க வேண்டும். பெட்ரோல், சாயம் போன்றவற்றை அதனோடு கலக்கக்கூடாது. கலந்தால் அதனைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்துவது கடினமாகும்.

பழைய டிராக்டருக்கு வாய் இல்லை. அதன் குறையை எண்ணெயின் நிறமும் வாடையும் படிவும் தெரிவிக்கின்றன. அவற்றைக் கவனித்து, காரணத்தைக் கண்டறிந்து, கழிவையும் முறையாக ஒப்படைப்பவரே இப்பணியை முழுமையாகச் செய்தவராவார்.

அருஞ்சொற்பொருள்

நெம்புகோல் – ஒன்றை அசைக்க அல்லது உயர்த்தப் பயன்படும் தண்டு
உந்துதண்டு – குழாய்க்குள் முன்னும் பின்னும் நகர்ந்து விசையைக் கடத்தும் பாகம்
திவலை – மிகச் சிறிய துளி
படிவு – திரவத்தின் அடியில் தங்கும் பொருள்
உயவு எண்ணெய் – பாகங்கள் உராய்ந்து தேயாமல் காக்கும் எண்ணெய்
உயிர்வளி – உயிர்கள் சுவாசிக்கத் தேவையான வாயு, ஆக்சிஜன்

கருத்துணர் கேள்விகள்

1. ஹைட்ராலிக் எண்ணெயில் காற்றுக் குமிழிகள் கலந்தால் ஏற்படும் விளைவுகள் யாவை?
2. மூன்று உறுப்புகள் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்வதால் விளையும் நன்மையையும் ஆபத்தையும் விளக்கிடுக.
3. டிராக்டருக்குள் நீர் நுழையும் வழிகளைப் பட்டியலிடுக.
4. எண்ணெயில் நீர் கலந்திருக்கும்போதும் கலக்காதபோதும் வடிக்கும் முறை வேறுபடுவது ஏன்?
5. ‘ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும்’ என்னும் தொடரின் பொருளைக் கட்டுரையின் கருத்தோடு தொடர்புபடுத்தி எழுதிடுக.
6. உமது வீட்டில் அல்லது பள்ளியில் உள்ள ஒரு பொருள் அடிக்கடி பழுதாகிறது. அதன் காரணத்தைக் கண்டறிய நீர் மேற்கொள்ளும் படிகளை நிரல்பட விவரித்திடுக.